மூன்றாவது குட்டிக்கு எந்தப் பால்?

வெள்ளாட்டின் மடியில் காம்புகள் இரண்டுதான். ஓர் ஈற்றில் குட்டிகள் மூன்றாகிவிட்டால் என்ன ஆகும்? வலுவான குட்டிகள் இரண்டும் ஆளுக்கொரு காம்பைப் பிடித்துக்கொள்ளும். இளைத்த மூன்றாவது குட்டி முட்டி மோதிப் பார்த்துவிட்டு ஓரமாக ஒடுங்கி நிற்கும். தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலி மாவட்டங்களில் வளர்க்கப்படும் கன்னி ஆடு இரட்டைக் குட்டிகளுக்குப் பெயர் பெற்றது; சில ஈற்றில் மூன்றும் உண்டு. இதுதவிர, ஈன்ற ஆடு இறந்துபோவதும், மடிநோய் கண்டு பால் வற்றிப்போவதும் கிராமங்களில் நாம் காண்பவையே. அப்போதெல்லாம் பாட்டிலும் ரப்பர்க் காம்பும்தான் குட்டிக்குத் தாய்.

2019-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறியாடுகளும் இருந்தன. இவற்றில் பெரும்பகுதி நிலமில்லாதவர்களும் சிறு விவசாயிகளும் வளர்ப்பவை. இரண்டு மூன்று ஆடுகளை வைத்துப் பிழைக்கும் வீட்டில் ஒரு குட்டி என்பது வெறும் குட்டி அன்று. அடுத்த ஆண்டின் பள்ளிச் செலவு, அல்லது ஓர் அவசர வைத்தியச் செலவு. அந்தக் குட்டிக்குப் பால் வாங்கப் போகும்போது கேள்வி எழுகிறது. கடையில் பல விலையில் பல வகைப் பால் இருக்கிறது. எது மலிவு? எது சத்து? இரண்டும் சேர்ந்தது எது?

பௌதிகம் நடத்துகிறவருக்கு ஆட்டுக்குட்டியிடம் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டிய கருவிகள் அடர்த்தி, வெப்பம், ஆற்றல், கொஞ்சம் பெருக்கல் வகுத்தல் ஆகியவையே. அவை எல்லாம் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. வாருங்கள், கணக்கிட்டுப் பார்ப்போம்.

முதல் நாள் பாலுக்கு மாற்று இல்லை

கணக்குக்கு முன்னால் ஒரு விதிவிலக்கு. பிறந்த முதல் நாளில் குட்டிக்குத் தேவை சாதாரணப் பால் அன்று, சீம்பால். மனிதக் குழந்தை கருவில் இருக்கும்போதே தாயின் இரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புப் பொருள்களைப் பெற்றுவிடுகிறது. ஆடு, மாடுகளின் நச்சுக்கொடி அவற்றைக் கருவுக்குள் விடுவதில்லை. ஆகவே குட்டி நிராயுதபாணியாகப் பிறக்கிறது. ஆயுதம் சீம்பாலில் இருக்கிறது. அதிலுள்ள எதிர்ப்புப் புரதங்களை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் வழி குட்டியின் குடற்சுவரில் திறந்திருக்கும். ஆனால் அந்த வழி மணிக்கு மணி குறுகி, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் மூடிக்கொள்கிறது. பிறகு எத்தனை சீம்பால் கொடுத்தாலும் அது வெறும் உணவுதான்.

எனவே பிறந்து இரண்டு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் உள்ளே போயிருக்க வேண்டும். குட்டியின் எடையில் கிலோவுக்கு 50 மி.லி. என்பது ஒரு வேளை அளவு. முதல் நாள் முழுவதற்கும் கிலோவுக்கு 200 மி.லி. இரண்டு கிலோ குட்டிக்கு வேளைக்கு 100 மி.லி., நாளுக்கு 400 மி.லி. தாய் இறந்துவிட்டால் அன்று ஈன்ற வேறு ஆட்டின் சீம்பாலைக் கேட்டு வாங்குங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் அன்று ஈன்ற பசுவின் சீம்பால் உதவும்.

சீம்பாலைக் காய்ச்சக்கூடாது. வெல்லமிட்டு அடுப்பில் வைத்த சீம்பால் முட்டை வெந்ததுபோல் கட்டியாகிவிடுவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். சூட்டில் புரதங்கள் உருக்குலைவதே அதற்குக் காரணம். நமக்குத் தின்பண்டம், குட்டிக்கு ஆயுதம் போயிற்று. உறையவைத்துச் சேமித்த சீம்பாலானால், பாத்திரத்தைக் கை பொறுக்கும் வெந்நீரில் நிறுத்தி உருக்கினால் போதும்.

சிறிய உடலுக்குப் பெரிய செலவு

இனிக் கணக்குக்கு வருவோம். குட்டியின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ். வெளிக்காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்போதெல்லாம் தோலின் வழியாக வெப்பம் கசிகிறது. 30 கிலோ தாயின் பருமன் 2 கிலோ குட்டியின் பருமனைப் போல் 15 மடங்கு. மேற்பரப்போ 15 மடங்கு இல்லை. ஏறத்தாழ 6 மடங்குதான். அதாவது ஒரு கிலோ எடைக்கு இவ்வளவு தோல் என்று பார்த்தால், தாயைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு தோல் குட்டிக்கு இருக்கிறது. சிறு தம்ளரில் ஊற்றிய காப்பி பெரிய பாத்திரத்துக் காப்பியைவிட விரைவில் ஆறிவிடுகிறதல்லவா? அதே கதைதான்.

வெறுமனே உயிரோடிருக்க, அதாவது இதயம் துடிக்க, மூச்சுவிட, உடல் சூட்டைக் காக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? மாக்ஸ் கிளைபர் என்ற விஞ்ஞானி பல விலங்குகளின் அளவைகளை ஒப்பிட்டு 1932-இல் ஒரு விதியைக் கண்டார். இந்த ஆற்றல் உடல் எடையின் முக்கால் அடுக்குக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது. எடையைக் கிலோவில் எடுத்து, அதன் முக்கால் அடுக்கை 70-ஆல் பெருக்கினால் ஒரு நாளுக்குரிய கிலோ கலோரி கிடைக்கும்.

முக்கால் அடுக்கை எப்படிக் காண்பது? வர்க்கமூலத்தை இரண்டு முறை எடுத்து, வருவதைக் கனப்படுத்துங்கள். 2-இன் வர்க்கமூலம் 1.414, அதன் வர்க்கமூலம் 1.189; அதன் கனம் 1.68. இதை 70-ஆல் பெருக்க, ஏறத்தாழ 118 கிலோ கலோரி. இரண்டு கிலோ குட்டி படுத்துக் கிடப்பதற்கு மட்டும் ஆகும் செலவு இது. நடப்பதற்கும், துள்ளுவதற்கும், குளிரில் நடுங்குவதற்கும், எல்லாவற்றுக்கும் மேலாக வளர்வதற்கும் இதற்கு மேல்தான் வரவு வேண்டும். 118 என்ற இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பால்களை ஒப்பிடுவோம்

உணவின் ஆற்றலைக் காண எளிய வழி உண்டு. ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரி தரும். ஒரு கிராம் புரதமும் ஒரு கிராம் சர்க்கரையும் தலைக்கு 4 தரும். இனம், தீவனம், பருவம் ஆகியவற்றுக்கேற்பப் பால் மாறும் என்றாலும், சராசரியாக 100 கிராம் பாலில் உள்ளவை இவை:

வெள்ளாட்டுப் பால்: கொழுப்பு 4.1 கிராம், புரதம் 3.5, பால் சர்க்கரை 4.4, ஆற்றல் 69 கிலோ கலோரி.
பசும்பால்: கொழுப்பு 3.7, புரதம் 3.3, பால் சர்க்கரை 4.7, ஆற்றல் 65.
எருமைப்பால்: கொழுப்பு 7, புரதம் 4, பால் சர்க்கரை 5, ஆற்றல் 99.
செம்மறியாட்டுப் பால்: கொழுப்பு 7, புரதம் 6, பால் சர்க்கரை 5, ஆற்றல் 107.

இந்த நான்கு வரிகளை மறுபடியும் படித்துப் பாருங்கள். வெள்ளாட்டுப் பாலும் பசும்பாலும் ஏறக்குறைய உடன்பிறப்புகள். ஆகவே வெள்ளாட்டுக் குட்டிக்குக் கலப்படமில்லாத பசும்பாலே போதும். செம்மறிக் குட்டியின் கதை வேறு. அதன் தாய்ப்பால் மிகக் கெட்டியானது. ஆற்றலில் அதை நெருங்குவது எருமைப்பால் ஒன்றுதான். புரதத்தில் அதுவும் சற்றுக் குறைவு. செம்மறிக் குட்டிக்குப் பசும்பால் கொடுத்தால், தாயிடம் கிடைத்திருக்கக்கூடிய ஆற்றலைப் பெற அது ஒன்றரை மடங்குக்கும் மேல் குடித்தாக வேண்டும். சிறிய வயிறு அதற்கு இடம் கொடாது. ஆகவே, எந்தப் பால் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், எந்தக் குட்டிக்கு என்று கேட்க வேண்டும்.

லிட்டர் விலை முழு உண்மை சொல்லாது

பாக்கெட் பாலை வாங்கும்போது உறையின் நிறத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் படியுங்கள். நம் நாட்டுச் சட்ட விதிகளின்படி சமன்படுத்தப்பட்ட பாலில் கொழுப்பு 3 சதவீதமும் கொழுப்பற்ற திடப்பொருள் 8.5 சதவீதமும் இருக்க வேண்டும். நிலைப்படுத்தப்பட்ட பாலில் இவை 4.5, 8.5 சதவீதம். நிறை கொழுப்புப் பாலில் 6, 9 சதவீதம். இருநிலை சமன்படுத்தப்பட்ட பாலில் கொழுப்பு 1.5 சதவீதம்தான். உடல் பருமனைக் குறைக்க விரும்பும் பெரியவர்களுக்கு அது நல்லது; குட்டிக்கு அன்று.

ஒரு லிட்டர் பாலின் எடை ஏறத்தாழ 1.03 கிலோ. இதைக் கொண்டு கணக்கிட்டால் ஒரு லிட்டரில் சமன்படுத்தப்பட்ட பால் 600, நிலைப்படுத்தப்பட்ட பால் 740, நிறை கொழுப்புப் பால் 900, பசும்பால் 670, எருமைப்பால் 1,020 கிலோ கலோரி தரும்.

விலைகளைக் கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: சமன்படுத்தப்பட்ட பால் 40 ரூபாய், நிலைப்படுத்தப்பட்டது 50, நிறை கொழுப்பு 60, கறந்த பசும்பால் 40, எருமைப்பால் 60. உங்கள் ஊர் விலை வேறாக இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். 1,000 கிலோ கலோரிக்கு ஆகும் செலவு என்ன? விலையை ஆற்றலால் வகுத்து 1,000-ஆல் பெருக்குங்கள்.

சமன்படுத்தப்பட்ட பால் 67 ரூபாய். நிலைப்படுத்தப்பட்ட பால் 68. நிறை கொழுப்புப் பால் 67. பசும்பால் 60. எருமைப்பால் 59.

வியப்பாக இல்லையா? லிட்டர் கணக்கில் 20 ரூபாய் வேறுபட்ட பால்கள், ஆற்றல் கணக்கில் ஒரே விலைக்கு வந்து நிற்கின்றன. மலிவு என்று நினைத்தது மலிவு அன்று. அதில் தண்ணீர் அதிகம், அவ்வளவுதான். செலவு ஒன்றுதான் என்றால், சிறிய வயிற்றுக்குக் கெட்டியான பாலே பொருத்தம். இந்த விலைகளில் வெள்ளாட்டுக் குட்டிக்குப் பசும்பாலும், செம்மறிக் குட்டிக்கு எருமைப்பாலும், சத்தில் மட்டுமன்றிச் செலவிலும் முந்திக்கொள்கின்றன. பாக்கெட் பால்தான் கிடைக்கும் என்றால் வெள்ளாட்டுக் குட்டிக்கு நிலைப்படுத்தப்பட்ட பால், செம்மறிக் குட்டிக்கு நிறை கொழுப்புப் பால் என்று கொள்ளலாம்.

பால் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றுகிறவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. அங்கே கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் சோதித்தே விலை போடுகிறார்கள். இந்த முறைக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பணியாற்றிய ஸ்டீபன் பாப்காக். பாலோடு கந்தக அமிலத்தைச் சேர்த்து, குப்பியை மையவிலக்குப் பொறியில் வேகமாகச் சுழற்றினால், இலேசான கொழுப்பு மட்டும் பிரிந்து குப்பியின் கழுத்தில் வந்து நிற்கும். அளவுகோட்டைப் படித்துவிடலாம். 1890-இல் அவர் வெளியிட்ட இந்த எளிய சோதனை, தண்ணீர் விட்டவருக்கும் நல்ல பால் கொடுத்தவருக்கும் ஒரே விலை என்ற அநீதியை ஒழிக்க உதவியது. விற்கும்போது பார்க்கும் அதே கணக்கை வாங்கும்போதும் பார்க்க வேண்டும் என்பதே நம் வாதம்.

தண்ணீர் கலந்தால் மிச்சமா?

கெட்டிப் பால் குட்டிக்குச் செரிக்காது என்று சொல்லிப் பாலில் பாதியளவு தண்ணீர் சேர்ப்பவர்கள் உண்டு. உண்மையில் பல வீடுகளில் அதற்குக் காரணம் செரிமானம் அன்று, கையிருப்பு. இதில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்போம்.

இரண்டு கிலோ குட்டி நாளுக்கு 400 மி.லி. குடிக்கிறது என்க. தூய பசும்பாலானால் அதன் ஆற்றல் 268 கிலோ கலோரி. ஒரு லிட்டர் பாலுக்கு அரை லிட்டர் தண்ணீர் சேர்த்திருந்தால் 179 கிலோ கலோரி. மூன்றில் ஒரு பங்குதானே குறைந்தது என்று தோன்றும். இப்போது 118-ஐ நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உயிர் காக்க 118 போக, தூய பாலில் மிஞ்சுவது 150. தண்ணீர்ப் பாலில் மிஞ்சுவது 61. பாலில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தோம்; வளர்ச்சிக்கு மிஞ்சியதோ பாதிக்கும் கீழே போய்விட்டது. குளிர் இரவு ஒன்று வந்தால் அந்த 61-ம் நடுக்கத்திலேயே கரைந்துவிடும். வயிறு நிறைந்த குட்டி, வளராத குட்டி. பால் செலவும் போயிற்று, குட்டியும் தேறவில்லை என்றால் அது சிக்கனம் ஆகாது.

வாங்கும் பாலிலேயே தண்ணீர் இருந்தால்? பால்மானி அதைக் காட்டும். தூய பாலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.030. ஒரு லிட்டர் பாலில் கால் லிட்டர் தண்ணீர் சேர்ந்தால் 1.024 ஆகிவிடும். ஆனால் பால்மானியையும் ஏமாற்றலாம். கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது. அதை எடுத்துவிட்டால் பாலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.036 ஆக உயரும். அப்படிப்பட்ட 5 லிட்டரில் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றுங்கள். மறுபடியும் 1.030! பால்மானி தூய பால் என்று சாட்சி சொல்லும். ஆற்றலோ பாதிகூட இருக்காது. அதனால்தான் அடர்த்தியோடு கொழுப்பையும் சேர்த்துச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

சேர்க்கக்கூடாதவை

குட்டி தேற வேண்டும் என்ற ஆசையில் சிலர் பாலில் சர்க்கரையோ வெல்லமோ சேர்ப்பார்கள். பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குட்டியின் குடலில் நிறைய உண்டு. கரும்புச் சர்க்கரையை உடைக்கும் நொதி இல்லை. செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். விளைவு, கழிச்சல். சவ்வூடு பரவல் பாடத்தை நினைத்துப் பாருங்கள். முதல் சில வாரங்களில் கஞ்சியும் இப்படியே. மாவுப்பொருளைச் செரிக்கும் திறன் அப்போது மிகக் குறைவு.

குழந்தைகளுக்கான டப்பாப் பால்மாவு விலை அதிகம். மனிதத் தாய்ப்பாலை ஒத்திருக்கச் செய்யப்பட்டதால் அதில் புரதமும் குறைவு. தேநீருக்கான பால் பவுடர்களில் பெரும்பாலும் சர்க்கரை சேர்ந்திருக்கும். கொழுப்பு நீக்கிய பால் பவுடரை மட்டும் கரைத்துக் கொடுத்தால் பாதி ஆற்றலும், கொழுப்பில் கரையும் வைட்டமின்களும் இல்லாமற் போகும். முழுக் கொழுப்புப் பால் பவுடரானால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 125 கிராம் கரைத்துக் கொடுக்கலாம். அதன் விலையையும் மேலே கண்ட முறையில் கணக்கிட்டுவிட்டு வாங்குங்கள்.

கன்றுகளுக்கென்று விற்கும் பால் மாற்றுத் தீவனத்தைச் செம்மறிக் குட்டிக்குக் கொடுக்கும் முன் எச்சரிக்கை தேவை. மாட்டுக்கு ஏற்ற தாமிர அளவு செம்மறிக்கு நஞ்சாகலாம். அதன் ஈரல் தாமிரத்தை வெளியேற்றாமல் சேர்த்து வைத்துக்கொள்ளும். கால்நடை மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

பால் போகும் பாதை

நல்ல பாலை வாங்கினால் போதாது. அது சரியான அறைக்குப் போக வேண்டும். ஆட்டின் வயிற்றில் நான்கு அறைகள். குட்டிக்குப் பாலைச் செரிப்பது நான்காவது அறைதான். குட்டி காம்பை உறிஞ்சும்போது உணவுக்குழலின் முடிவிலுள்ள ஒரு பள்ளம் மடிந்து குழாய்போல் ஆகி, பாலை முதல் அறைகளைத் தாண்டி நான்காவது அறையில் சேர்க்கிறது. அங்கே ரென்னின் என்ற நொதி பாலைத் திரைய வைக்கிறது. கட்டியான தயிர் மெல்ல மெல்லச் செரிக்கிறது. தலையைப் பிடித்துச் சங்கிலோ கரண்டியிலோ ஊற்றினால் பள்ளம் சரியாக மடியாது. பால் பெருவயிற்றில் விழுந்து புளித்து வயிறு உப்பும். புரையேறினால் நுரையீரலுக்கும் போய்விடும். ஆகவே ரப்பர்க் காம்பை உறிஞ்ச விடுங்கள். குட்டி நின்றபடி, கழுத்தைச் சற்றே உயர்த்தி, தாயிடம் குடிக்கும் பாவனையில் குடிக்கட்டும். உடல் சில்லிட்டு உறிஞ்சவும் திராணியற்ற குட்டியின் வாயில் பாலை ஊற்றாதீர்கள். உடனே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பாலை ஒருமுறை காய்ச்சி, 39 டிகிரிக்கு ஆற்றிக் கொடுப்பது நல்லது. காய்ச்சுவதால் கறவை மாட்டிடமிருந்து வரக்கூடிய நோய்க்கிருமிகள் அழிகின்றன. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து 10 டிகிரியில் எடுத்த 400 கிராம் பாலை உடல் சூட்டுக்குக் கொண்டுவர ஏறத்தாழ 11 கிலோ கலோரி வேண்டும். அடுப்பு கொடுக்காவிட்டால் குட்டிதான் கொடுக்க வேண்டும், வளர்ச்சிக்கான 150-இலிருந்து! பாட்டிலையும் காம்பையும் ஒவ்வொரு வேளையும் வெந்நீரில் கழுவுங்கள். பாலின் வகையை மாற்ற நேர்ந்தால் மூன்று நான்கு நாட்களில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

எவ்வளவு, எத்தனை நாள்?

நாளுக்கு உடல் எடையில் 15 முதல் 20 சதவீதம் பால் என்பது பொதுவான அளவு. முதல் வாரம் நான்கைந்து வேளையாகவும், பின்னர் மூன்று, இரண்டு வேளையாகவும் கொடுக்கலாம். வாரம் ஒருமுறை குட்டியை நிறுத்துப் பார்த்து அளவைக் கூட்டுங்கள். இரண்டாம் வாரத்திலிருந்தே இளந்தழை, அகத்திக்கீரை, நல்ல தண்ணீர் ஆகியவற்றைப் பக்கத்தில் வையுங்கள். தழையைக் கொறிக்கக் கொறிக்கத்தான் பெருவயிறு வளரும்; பெருவயிறு வளர்ந்தால்தான் பாலை நிறுத்த முடியும். இரண்டு மூன்று மாதங்களில் அந்த நிலை வந்துவிடும். பால் செலவைக் குறைக்க நேர்மையான வழி இதுதான்: தண்ணீரைக் கலப்பதன்று, தழையைப் பழக்குவது.

60 நாட்கள், சராசரி நாளுக்கு 600 மி.லி. என்றால் 36 லிட்டர். லிட்டர் 40 ரூபாயானால் 1,440 ரூபாய். உங்கள் ஊர்ச் சந்தையில் வளர்ந்த ஆடு விற்கும் விலையோடு இதை ஒப்பிடுங்கள். அதற்கு முன் இன்னொன்றையும் விசாரியுங்கள். குட்டியை இழந்த ஆடு பக்கத்துக் கொட்டிலில் இருந்தால், பழக்கிச் சேர்த்துவிடுங்கள். அதைவிட மலிவான பால் எந்தக் கடையிலும் இல்லை.

நீங்களே கணக்கிடுங்கள்

1. உங்கள் ஊரில் கிடைக்கும் மூன்று வகைப் பாலின் விலையைக் கேட்டு, 1,000 கிலோ கலோரிக்கு ஆகும் செலவைக் கண்டுபிடியுங்கள். புரதம் 100 கிராமுக்கு என்ன விலை என்றும் பாருங்கள். இரண்டு பட்டியலிலும் ஒரே பால்தான் முதலில் வருகிறதா?

2. மூன்று கிலோ செம்மறிக் குட்டி உயிர் காக்க நாளுக்கு எத்தனை கிலோ கலோரி வேண்டும்? அதை மட்டும் பெற எத்தனை மி.லி. பசும்பால் தேவை, எத்தனை மி.லி. எருமைப்பால் தேவை?

3. ஒப்படர்த்தி 1.030 உள்ள பாலில் தண்ணீர் கலந்தபின் பால்மானி 1.027 காட்டுகிறது. ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கும்?

விடைகளை வீட்டில் ஆடு வளர்ப்பவர்களிடம் காட்டுங்கள். அவர்களுக்கும் இந்தக் கணக்கு பயன்படும்.